நாகராஜா கோயில் மண்

வடசேரிக்காரன்:
நாகர்கோவில், ஆவணி ஞாயிறு. கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தடி நாகர்களுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றிவிட்டு உள்ளே போனோம். இரண்டு வாரம் முன்புதான் அப்பா வாழைத்தோட்டத்தில் ஒரு நல்ல பாம்பை அடித்துக் கொன்றிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பேசவே இல்லை. ஓலைக்கூரைக் கருவறையின் முன் நம்பூதிரி புற்றுமண்ணைக் கொடுத்தார். அப்பாவால் விரல்களை மடக்க முடியவில்லை. “ஈரமா இருக்குடா” என்றார். அவர் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

புராணப் பித்தன்:
தோட்டத்துப் பாம்பு வேறு, நாகர் வேறு. வாசுகியும் தட்சகனும் பேசுவார்கள், உருமாறுவார்கள், பாதாளத்தில் போகவதி என்று நகரம் அமைத்து வாழ்வார்கள். இரண்டையும் ஒன்றாக்கி அப்பாவை வருத்தாதீர்கள்.

ஹரிப்பாட்டு மருமகள்:
அப்படிப் பிரித்துவிட முடியாது ஐயா. பிள்ளை வரம் வேண்டி, கேரளத்து மண்ணாறசாலை நாகராஜா கோயிலில் உருளி என்னும் வாயகன்ற பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் நேர்ச்சைக்குப் போனேன். உருளியை ஏந்தி மேளத்தின் பின்னால் வலம் வருகையில், வழி நெடுகிலும் காவு என்னும் கோயில் காட்டு மரங்களின் கீழ் கல் நாகங்கள். அத்தனையும் என் வயிற்றையே பார்ப்பதுபோல் இருந்தது. பாரதத்தில் அருச்சுனன் எரித்த காண்டவ வனத் தீயில் வெந்த மண் ஆறிய இடம் என்றுதான் அந்த ஊருக்கே பெயர் சொல்கிறார்கள். அந்தத் தீயில் தாயை இழந்த அசுவசேனன் கர்ணனின் அம்பில் ஏறி அருச்சுனனைத் தேடி வந்தானே! கொன்றவனை மறக்காத குலம் அது. அவர் அப்பாவின் கை சும்மா நடுங்கவில்லை.

தோவாளை:
எங்கள் சித்தப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது. மந்திரிக்கிறேன் என்று இரண்டு மணி நேரம் போனது. பிழைத்தார், அவ்வளவுதான். ஆகவே சொல்கிறேன்: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள். வீட்டில் பாம்பு புகுந்தால் தள்ளி நின்று தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். அடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் கல்லுக்கு மட்டும் போதும். உயிருள்ள பாம்புக்கு அது உணவே அல்ல.

வடசேரிக்காரன்:
எங்கள் வீட்டில் யாரையும் கடிக்கவில்லை ஐயா. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த மண்ணை அப்பா நெற்றியில் இடவில்லை. மடித்து எடுத்து வந்து, பாம்பைப் புதைத்த வாழையடியில் தூவினார்.