திகில் மேசை விளையாட்டு வடிவமைப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு தாய்

நாகர்கோவிலில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் என் மகள், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளை, அவற்றிலும் குறிப்பாகத் திகில் விளையாட்டுகளை, வடிவமைப்பதையே தன் தொழிலாக்கிக்கொள்ள விரும்புகிறாள். ஒருவர் கதையை நடத்த, நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் இந்த ஆட்டத்தை அவள் தோழிகளுடன் வீட்டில் ஆடக் கேட்டிருக்கிறேன். அவளிடம் திறமை இருக்கிறது என்றே நம்புகிறேன். இத்துறையில் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கை எப்படி அமைந்தது, வருமானம் எங்கிருந்து வந்தது, இப்போது அவள் எதைக் கற்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன். நம் பக்கத்து நீலி, இசக்கி கதைகளை வைத்து எழுதப்போவதாகச் சொல்கிறாள். அது முறைதானா என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

பதில் 1: மார்த்தாண்டம், மென்பொருள் பணியாளர்

அம்மா, இதற்கு அமெரிக்கரான சாண்டி பீட்டர்சனின் வாழ்க்கையைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். 1937இல் மறைந்த லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் திகில் உலகை அடிப்படையாக வைத்து, கேயாசியம் என்ற சிறு நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ 1981இல் வெளிவந்தது. அதற்கு முன், 1974இல் வெளிவந்து இவ்வகை ஆட்டங்களுக்கு வழி திறந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில், பாத்திரங்கள் அரக்கர்களை வென்று மேலும் மேலும் வலிமை பெறுவார்கள். பீட்டர்சன் அந்தப் போக்கையே திருப்பிப் போட்டார். அவருடைய ஆட்டத்தில் சாதாரண மனிதர்கள் ஒரு மர்மத்தைத் துப்பறியப் போய், அறிய அறியச் சிதைந்துபோகிறார்கள். அந்த ஆட்டம் இன்றும் ஏழாம் பதிப்பாக விற்பனையில் இருக்கிறது.

இத்தனை பெயருக்குப் பிறகும் அவர் மேசை விளையாட்டை மட்டுமே நம்பி வாழவில்லை என்பதைத்தான் உங்கள் மகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1980களின் இறுதியில் அவர் கணினி விளையாட்டுத் துறைக்குப் போனார். 1993இல் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டில் ஆடுபவர் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டிய நிலைகளில் பெரும்பகுதியை வடிவமைத்தவர் அவரே. பின்னர் என்செம்பிள் ஸ்டூடியோஸில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வரிசையில் பணியாற்றினார். அந்நிறுவனம் 2009இல் மூடப்பட்டது. 2013இல், ‘கதுல்ஹு வார்ஸ்’ என்ற தம் பலகை விளையாட்டுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாங்க விரும்பியவர்களிடமிருந்து முன்பணமாக 14 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார். முதல் புகழுக்கும் இந்தப் பெரும் தொகைக்கும் இடையே முப்பதாண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் அவருக்குச் சம்பளம் தந்தது கணினித் துறை. ஆகவே படிப்பை அவள் முடிக்கட்டும். அது இந்த ஆசைக்குப் பகையாகாது.

பதில் 2: குளச்சல், விளையாட்டு நடத்துபவர்

என்ன கற்க வேண்டும் என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். கதை எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். அச்சத்தை ஒரு விதியாக அமைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, வடிவமைப்பாளருக்குப் பெயர் கிடைப்பதும் அதற்காகத்தான். ‘கால் ஆஃப் கதுல்ஹு’வில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனத்தெளிவுக்கென ஓர் எண் உண்டு. கொடுங்காட்சியைக் கண்டு, பகடையும் கைவிட்டால், அந்த எண் குறையும். பூச்சியமாகிவிட்டால் பாத்திரம் ஆடுபவர் கையைவிட்டே போய்விடும். அதைவிட நுட்பமான விதி ஒன்றும் அதில் இருக்கிறது: மறைவான அந்த உலகைப் பற்றிய அறிவு கூடுந்தோறும், மனத்தெளிவு எட்டக்கூடிய உச்ச வரம்பே தாழ்ந்துகொண்டு வரும். மர்மத்தை அவிழ்க்க அறிவு வேண்டும், அந்த அறிவே ஆளை அழிக்கும் என்ற கொடுமையை ஒற்றைக் கழித்தல் கணக்கில் அடக்கிவிட்டதை நான் இன்றும் வியக்கிறேன்.

பின்வந்தவர்கள் பகடையோடு மட்டும் நின்றுவிடவில்லை. ‘டிரெட்’ விளையாட்டில் மரக்கட்டைகளால் அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒவ்வொரு ஆபத்தின்போதும் ஒரு கட்டையை உருவ வேண்டும். யார் கையில் கோபுரம் சரிகிறதோ அவருடைய பாத்திரம் ஆட்டத்தைவிட்டுப் போகும். விரல் உண்மையாகவே நடுங்குகிறது, அதற்கு நடிப்பு தேவையில்லை. 2015இல் வந்த ‘டென் கேண்டில்ஸ்’ விளையாட்டைப் பத்து மெழுகுவர்த்திகளின் ஒளியில் ஆடுகிறார்கள். அவை ஒவ்வொன்றாக அணையும், முடிவில் எல்லாப் பாத்திரங்களும் இறப்பார்கள் என்பது தொடக்கத்திலேயே அனைவருக்கும் தெரியும். உங்கள் மகள் இவற்றை ஆடிப் பார்த்து, எந்த விதி எந்த அச்சத்தை எழுப்புகிறது என்று எழுதி வைக்கப் பழகட்டும். நிகழ்தகவுக் கணக்கு அவளுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும் என்பதால் பாதி வேலை முடிந்தது.

பதில் 3: பூதப்பாண்டி, வில்லிசை கேட்டு வளர்ந்தவர்

அக்கா, உங்கள் தயக்கம் நியாயமானது. முப்பந்தல் வழியாகப் போகிற லாரிக்காரர் இசக்கியம்மன் கோயில் முன் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார். பிள்ளை வரம் வேண்டுபவர்கள் இசக்கிக்கு மண்ணால் செய்த குழந்தை உருவங்களை நேர்ந்து வைக்கிறார்கள். இன்று வழிபாட்டில் இருக்கும் ஒரு தெய்வத்தை, பகடை உருட்டிக் கொல்ல வேண்டிய எதிரியாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கொடை விழாவில் வில்லடித்துப் பாடும் புலவர்கள்கூடக் கதைக்குரிய தெய்வத்தைப் பணிந்த பிறகே கதையைத் தொடங்குவார்கள்.

ஆனால் நீலி கதையை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதையில் பேயைவிட என்னை உலுக்குவது ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்புதான். முற்பிறவியில் பொன்னுக்காகத் தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள் நீலி. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வணிகனைத் தன் கணவன் என்று ஊர் முன்னால் முறையிடுகிறாள். அவன் அலறி மறுத்தும், அழுகிற பிள்ளையையும் அந்தப் பெண்ணையும் நம்பி, பெரியவர்கள் அவனை அவளோடு ஒரே வீட்டில் அன்றிரவு தங்க வைக்கிறார்கள். விடியும்போது அவன் உயிரோடு இல்லை. ஆடுபவர்கள் பேயை வேட்டையாடுபவர்களாக இல்லாமல் அந்தப் பெரியவர்களாகவே இருந்தால் எப்படியிருக்கும்? அநீதி இழைக்கப்பட்டவள் அவள். இப்பிறவியில் எதுவும் அறியாதவன் அவன். இரக்கப்பட்டாலும் பழி, மறுத்தாலும் பழி. வெள்ளைக்காரர் நாட்டுப் பேய் மாளிகையை விட்டுவிட்டு நம் மண்ணின் திகிலை எழுத இதைவிடச் சிறந்த வாயில் எனக்குத் தெரியவில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர்களையே பாத்திரங்களாக்கும் யோசனையைப் படித்ததும் அவள் குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். எழுதி முடித்ததை எங்கே வெளியிடுவது, அதற்குப் பணம் ஏதும் வருமா?

பதில் 4: மார்த்தாண்டம், மென்பொருள் பணியாளர்

இட்ச்.ஐஓ (itch.io) என்ற இணையதளத்தில் சொந்த விதிகளோடு எழுதிய விளையாட்டை மின்னூலாகத் தானே விற்கலாம். தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் வெளியிடுபவரே தீர்மானிக்கலாம். வேறு பதிப்பகங்களுக்கு எழுதினால் பெரும்பாலும் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில்தான் தருவார்கள். அதை வைத்து மட்டும் குடும்பம் நடத்துவது கடினம். தமிழில் முதலில் எழுதி, பிறகு ஆங்கிலத்திலும் அவளே எழுதினால் வாங்குவோர் கூடுவார்கள்.

வெளியிடும் முன் ஒன்று மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். அவள் உடன் இராமல், அவளை அறியாத நான்கு பேர் அந்தப் பக்கங்களை மட்டும் படித்து ஒரு முறை ஆடட்டும். அவர்கள் எந்த இடத்தில் விதி புரியாமல் நிறுத்தினார்கள், எந்த இடத்தில் பேச்சு தானாக அடங்கியது என்று அவர்களில் ஒருவர் குறித்துத் தந்தால், அடுத்த வரைவில் எதை வெட்ட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது அவளுக்கே தெரிந்துவிடும். நாகர்கோவிலில் அப்படி ஆட ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள், நானும் என் நண்பர்களும் வருகிறோம்.