கறிவேப்பிலையில் சிலந்திப்பேன்: இரைவிழுங்கிப் பை கட்டியும் குறையவில்லை

யன்னலோரம்:
வணக்கம். ரொறன்ரோவில் தொடர்மாடியில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள். ஒன்று அம்மா விதை போட்டு வளர்த்தது, ஏழு வயது. செப்டெம்பர் கடைசியில் உள்ளே எடுத்தோம். ஹீற்றர் போடத் தொடங்கியதும் இலையெல்லாம் ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. சமையலுக்குப் பறிக்கிற இலை, மருந்து அடிக்க மனமில்லை. சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன், அதாவது இரைவிழுங்கிப் பேன், உள்ள காகிதப் பை வாங்கிக் கிளையில் தொங்கவிட்டு மூன்று கிழமை ஆகிறது. வலை கூடித்தான் இருக்கிறது. பைக்குள் தவிட்டில் வெளிர்நிறமாக ஏதோ ஊர்கிறது, அதுவும் செடியைத் தின்னுமோ என்று பயம். பை பழுதா?

வேரும் விழுதும்:
பையில் என்ன பெயர் இருக்கிறது? அதற்கு முன் வேப்பெண்ணெய் ஏதும் அடித்தீர்களா அக்கா?

யன்னலோரம்:
குக்குமெரிஸ் என்று இருக்கிறது. கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு வேப்பெண்ணெயும் சோப்பும் அடித்தேன்.

வேரும் விழுதும்:
பை பழுதில்லை அக்கா, இந்த வேலைக்கு அது ஆள் இல்லை. குக்குமெரிஸ் முக்கியமாக இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற வேறு பூச்சியின் குஞ்சுகளைத் தின்பது. சிலந்திப்பேனின் வலைக்குள் புகுந்து வேட்டையாட அதனால் முடியாது. போதாததற்கு, இலையில் ஒட்டிய எண்ணெய் நல்ல பேன்களையும் கொன்றிருக்கும். தவிட்டில் ஊர்வது பெரும்பாலும் அவற்றுக்கு உணவாகப் போட்ட தவிட்டுப்பேன், செடியைத் தொடாது.

வலை கட்டிய பிறகு கைகொடுப்பது பெர்சிமிலிஸ் என்ற இன்னொரு இரைவிழுங்கிப் பேன். செம்மஞ்சள் நிறம், ஓட்டமாக ஓடும், சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்று முடித்தால் பட்டினியில் செத்துப்போகும். ஆனால் அதற்கு ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும், இல்லாவிட்டால் முட்டை காய்ந்துவிடும். ஹீற்றர் காற்று நேரே படும் இடத்திலிருந்து செடியை நகர்த்துங்கள். முதலில் குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கம் நன்றாகக் கழுவி, ஒரு கிழமை விட்டு, பிறகு பேனை விடுங்கள். வந்த அன்றே விட வேண்டும், வைத்திருந்தால் தங்காது.

பனிக்காலத் தோட்டம்:
நான் ஒன்று சேர்க்கிறேன். சிலந்திப்பேன் வந்த பிறகு வாங்குவதைவிட, செடியை உள்ளே எடுக்கும்போதே கலிஃபோர்னிகஸ் என்ற இரைவிழுங்கிப் பேன் உள்ள பை கட்டிவிடுவதுதான் நல்லது. அது வறண்ட காற்றைக் கொஞ்சம் தாங்கும், இரை கிடைக்காவிட்டாலும் மகரந்தத்தில் காலம் தள்ளும். நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒரு பை. பையைப் பிரிக்கக் கூடாது, சிறு துளை வழியாக அவையே வெளியே வரும். வெயில் படாமல் இலை மறைவில் கட்டுங்கள், பை இலையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இரண்டு செடிக்கும் இடையே இலை படாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. அப்புறம், கடுங்குளிர் நாளில் தபாலில் வரவழைக்காதீர்கள், வழியிலேயே உறைந்துபோகும்.

யன்னலோரம்:
மிக்க நன்றி. நேற்று இரண்டையும் கழுவிவிட்டேன். அம்மாவின் செடியில் நுனிக் குருத்து இன்னும் பச்சையாக இருக்கிறது. பேன் விட்ட பிறகு இலை பறித்துச் சமைக்கலாமா?

வேரும் விழுதும்:
தாராளமாக. மனிதரைக் கடிக்காது, கழுவினால் போய்விடும். முதல் மூன்று கிழமை மட்டும் பறிக்காமல் விடுங்கள், பறிக்கிற இலையோடு அவற்றின் முட்டையும் போய்விடும்.