சிறிய கைக்கு எலக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தை இழைத்துக் குறைக்கலாமா?

பாளைவாசி:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கிட்டார் பழகத் தொடங்கி, இப்போது ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். அண்மையில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கினேன். ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், 648 மி.மீ.; நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் வெட்டுகள் கொண்ட சிறு கட்டை) அகலம் 43 மி.மீ.; கழுத்தின் கனம் முதல் ஃப்ரெட்டில் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 22.5 மி.மீ., பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 24.5 மி.மீ. கழுத்து மேப்பிள் மரம், நான்கு திருகுகளால் உடலோடு பொருத்தியது. என் கையை முழுக்க விரித்தாலும் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே 17 செ.மீ. தான் வருகிறது. ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டை இரண்டு நிமிடம் பிடித்தால் கட்டைவிரலின் அடிப்பகுதி கடுக்கத் தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் ஒருவர், பின்புறத்தில் 3 மி.மீ. இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். உள்ளே இரும்புக் கம்பி இருப்பதால் தயங்குகிறேன். செய்யலாமா?

ஜங்ஷன்காரன்:
3 மி.மீ. வேண்டவே வேண்டாம். 22.5 மி.மீ. கனத்தில் விரற்பலகைக்கு ஏறத்தாழ 6 மி.மீ., ட்ரஸ் ராட் என்னும் அந்த இரும்புக் கம்பி கிடக்கும் பள்ளத்துக்கு 9 அல்லது 10 மி.மீ. போய்விட்டால், கம்பிக்குப் பின்னால் எஞ்சும் மரம் ஆறேழு மி.மீ. தான். அதிலும் வளைந்து செல்லும் பழைய வகைக் கம்பியாக இருந்தால், கழுத்தின் நடுப்பகுதியில் அது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கம்பியை நம்பி அரத்தை எடுப்பது, குழாய் எங்கே போகிறதென்று தெரியாமல் சுவரில் துளை போடுவது போன்றது. கனம் குறையக் குறைய விறைப்பும் சரிகிறது: 22 மி.மீ. கழுத்தை 20 ஆக்கினால் விறைப்பில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டுங்கள். சுருதி பழைய இடத்துக்கே வரும். ஆனால் தந்தியின் நீளம் 612 மி.மீ. ஆகிவிடும். முதல் நான்கு கட்டங்களின் மொத்த நீளம் 134 மி.மீ.இலிருந்து 126 மி.மீ.க்குச் சுருங்கும். கேப்போ நட்டின் வேலையையும் எடுத்துக்கொள்வதால், நட்டின் வெட்டு உயரமாக இருந்தால் அந்தக் கோளாறும் மறையும். இப்படி வைத்து எஃப் வடிவத்தைப் பிடிக்கும்போது கடுப்பு குறைந்தால், குற்றம் கழுத்தின் கனத்தில் இல்லை. பிறகு கேப்போவைக் கழற்றிவிட்டு, மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். மயிரிழை அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால் நட்டை அரவ வேண்டும்.

அம்பை கடைசல்:
டீச்சர், அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புக் கடைசல் எங்கள் குடும்பத் தொழில். கிட்டார் வேலை எனக்கு இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. மேலே சொன்னவரின் சோதனையை நானும் வழிமொழிகிறேன். அதற்குப் பிறகும் உள்ளங்கை நிறைந்து நிற்பதாகத் தோன்றினால், முதுகைத் தொடாமல் தோள்களை இழையுங்கள். கழுத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் முதுகு, இரு பக்கமும் தோள். கை உணர்வது காலிப்பர் காட்டும் கனத்தை மட்டும் அன்று, சுற்றளவையும்தான். புடைத்த தோளை வழித்துவிட்டால், முதுகில் அரை மி.மீ. கூடக் குறைக்காமலே கழுத்து மெலிந்ததாகக் கை நம்பும். கம்பி நடுவில் கிடப்பதால் தோளில் ஆபத்தும் குறைவு.

தந்திகளைக் கழற்றி, ட்ரஸ் ராடைத் தளர்த்தி, கழுத்தை உடலிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். விரற்பலகையின் ஓரத்துக்கு இரண்டடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முதுகின் நடுவே பென்சிலால் கோடு இழுங்கள். அந்தக் கோடு அழியாதவரை நீங்கள் எல்லை தாண்டவில்லை. முதலில் இரண்டாம் ஃப்ரெட், பத்தாம் ஃப்ரெட் என்ற இரண்டு இடங்களில் மட்டும் வேண்டிய வடிவத்தை அரத்தால் எடுத்து, அட்டையில் வெட்டிய அச்சை வைத்துச் சரிபாருங்கள். அதன் பின் அவ்விரண்டையும் நேர்கோடாக இணையுங்கள். ஒரே மூச்சில் உருட்டையாக இழைக்காமல், பட்டை பட்டையாக எடுத்துப் பட்டைகளின் முனைகளை மறுபடி எடுத்தால்தான் இரு தோளும் ஒன்றுபோல் வரும். எஃகுத் தகட்டால் சுரண்டி, 120, 180, 240, 320 என உப்புத்தாளை ஏற்றுங்கள். கடைசியில் தாளை நாடாவாகக் கிழித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல் இழுத்துத் தேயுங்கள். பழைய பூச்சின் தூள் மூக்குக்கு ஆகாது, முகமூடி அவசியம்.

வெறும் மேப்பிளை அப்படியே விட்டுவிடாதீர்கள். குற்றாலச் சீசன் சாரல் காற்றுக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே அது ஈரத்தைக் குடித்துக் குடித்து வளையும். டேனிஷ் ஆயில் போன்ற எண்ணெய்ப் பூச்சை மூன்று நான்கு முறை மெல்லத் தடவி, ஒவ்வொரு முறையும் காயவிடுங்கள்.

தென்கரை:
நான் இழைக்கவே மாட்டேன். 1956இல் ஃபெண்டர் நிறுவனம் மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் என்ற மாணவர் கிட்டார்களை 22.5 அங்குல ஸ்கேலில் கொண்டுவந்தது. 1964இல் வந்த மஸ்டாங்கின் 24 அங்குல ஸ்கேல் இன்றும் கிடைக்கிறது. விற்றுவிட்டு அத்தகைய ஒன்றை வாங்குவதே மேல். இழைத்த கழுத்துக்கு மறுவிற்பனை விலை கிடையாது.

பாளைவாசி:
எல்லாருக்கும் நன்றி. கேப்போ சோதனையில் கடுப்பு பாதிக்கு மேல் குறைந்தது. நட்டின் வெட்டுகள் உண்மையிலேயே உயரம்தான். அவற்றை அரவியதும் எஃப் கார்டு ஏறத்தாழ வசப்பட்டது. ஆனாலும் ஆசை விடவில்லை. கடைசல் அண்ணாச்சி சொன்னபடி இரண்டு சனிக்கிழமைகளில் தோள்களை மட்டும் எடுத்தேன். முதல் ஃப்ரெட்டில் கனம் இன்னும் 22.5 மி.மீ. தான், ஆனால் வேறு கிட்டாரைப் பிடித்தது போல் இருக்கிறது. ஐந்தாம் ஃப்ரெட்டின் அருகே தடித்த தந்திகளின் பக்கம் மட்டும் ஒரு சிறு மேடு விரலில் தட்டுகிறது. எண்ணெய் பூசிய பிறகு அதைத் தேய்க்கலாமா அண்ணாச்சி?

அம்பை கடைசல்:
தாராளமாகத் தேய்க்கலாம், டீச்சர். 240 தாளை ஒரு கட்டையில் சுற்றி மேட்டை மட்டும் எடுத்து, அந்த இடத்துக்கு மறுபடி எண்ணெய் தடவுங்கள். பழைய பூச்சோடு கலந்துவிடும்.