ஹுவாநெங் தலைவர் எப்படி மாகாண ஆளுநர் ஆனார்?

சார்ஜ்மேன் சிப்புட்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருக்கிறேன். மச்சான் சிங்கப்பூரில் துவாஸ் பவர் என்ற மின் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, தீபாவளிக்கு வந்தபோது அந்தக் கம்பெனியைச் சீனாவின் ஹுவாநெங் மின் நிறுவனம் 2008இல் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடமிருந்து 4.2 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய கதை வந்தது. அப்போது ஹுவாநெங்கை நடத்தியவர் லி சியாவ்பெங். அதே வருடம் அவர் ஷான்சி மாகாணத்துத் துணை ஆளுநர், 2013இல் ஆளுநர், அப்புறம் 2016இலிருந்து 2024 வரை சீனாவின் போக்குவரத்து அமைச்சர். ஓட்டுக் கேட்காமல், கொடி கட்டாமல் ஒரு கரண்டு கம்பெனித் தலைவர் எப்படி நம்ம மாநில முதலமைச்சர், அதாவது மந்திரி புசார் மாதிரியான நாற்காலிக்குப் போகிறார்? நம்ம மலேசிய மின் வாரியம் தெனாகாவின் தலைவர் அப்படிப் போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முன்னாள் பிரதமரான அவர் அப்பாவின் செல்வாக்குதானா?

பழைய கிராணி:
தம்பி, அவர் கம்பெனியில் இருந்தபோதே அரசாங்க ஆள்தான். ஹுவாநெங் மத்திய அரசின் சொத்து. அந்த வரிசையில் உள்ள நிறுவனங்களின் தலைவருக்குத் துணை அமைச்சர் அந்தஸ்து உண்டு, யாரை வைப்பது என்பதைக் கம்யூனிஸ்ட் கட்சி முடிவு செய்கிறது. துணை ஆளுநரும் அதே படிதான். தலைமை ஆபீஸ் ஒரு தோட்டத்துத் துரையை அடுத்த தோட்டத்துக்கு மாற்றுகிற மாதிரி, அந்த முதல் மாற்றத்தில் பதவி உயர்வுகூட இல்லை. மின்துறையே 1990களின் கடைசி வரை ஒரு அமைச்சாகத்தான் இருந்தது. அதைக் கலைத்து ஒரே அரசு நிறுவனமாக்கி, 2002இல் அதையும் உடைத்தபோது உற்பத்திக்கு 5 பெரிய நிறுவனங்கள் வந்தன, ஹுவாநெங் அதில் ஒன்று. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே பெரிய சுவர் எங்கே இருக்கிறது?

கோப்பிக் கடை:
கிராணி ஐயா சொல்வது சரி, ஆனால் அப்பாவை நைசாக விட்டுவிட்டார். அப்பா யார்? லி பெங், மாஸ்கோவில் மின்துறை படித்தவர், 1981இல் மின்துறை அமைச்சர், 1998 வரை பிரதமர். த்ரீ கோர்ஜஸ் அணையை விடாப்பிடியாகக் கொண்டுவந்தவர், 1992இல் அதற்கு ஓட்டெடுத்தபோது எதற்கும் தலையாட்டும் அந்த மக்கள் காங்கிரஸிலேயே (சீன நாடாளுமன்றம்) மூன்றில் ஒரு பங்கு ஆதரிக்கவில்லை. மகள் லி சியாவ்லினும் இன்னொரு மின் கம்பெனியில் பெரிய பதவி. இதெல்லாம் தற்செயலா? 2012 கட்சி மாநாட்டில் மத்தியக் குழுவின் மாற்று உறுப்பினர் பட்டியலில், ஓட்டு வரிசைப்படி மகன் பெயர் கடைசியில் நின்றது. கட்சிக்காரர்களுக்கே வயிற்றெரிச்சல் போல. ஆனாலும் அடுத்த மாதமே தற்காலிக ஆளுநர்!

சார்ஜ்மேன் சிப்புட்:
அது சரி அண்ணே. ஷான்சியை ஏன் கொடுத்தார்கள்?

பழைய கிராணி:
நிலக்கரிக்குப் பேர்போன மாகாணம் தம்பி. சீனாவில் அப்போது நிலக்கரி விலையைச் சந்தை ஏற்றிவிடும், கரண்டு விலையை அரசாங்கம் பிடித்து வைத்திருக்கும், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவை ஹுவாநெங் மாதிரியான ஆலைகள். நிலக்கரி வாங்கிக் கொண்டிருந்தவர் அதைத் தோண்டுகிற ஊருக்கே ஆட்சி செய்யப் போனார் என்பது எனக்கு நியாயமான கணக்காகத்தான் படுகிறது. ஆனால் சொகுசான இடம் இல்லை. அவர் போன சில மாதங்களில் ஷியாங்ஃபென்னில் ஒரு சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேருக்கு மேல் செத்தார்கள், அப்போதைய ஆளுநர் பதவி விலகினார். 2014 ஊழல் வேட்டையில் ஷான்சியின் பெரிய தலைகள் வரிசையாக உருண்டன, இவர் தப்பித்தார். அப்பா பெயர் அதற்கு உதவியிருக்கலாம், மறுக்கவில்லை.

கோப்பிக் கடை:
நம்ம ஊரில் தலைகீழ். ம.இ.கா. தலைவர் சாமிவேலு கட்சியிலிருந்து வந்து 1989 முதல் 1995 வரை எரிசக்தி அமைச்சர். 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுக்க கரண்டு போனபோது எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள், அப்புறம்தான் தனியார் மின் ஆலைகளுக்குக் கதவு திறந்தது. 2008 மார்ச்சில் இதே சிப்புட்டில் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். ஷான்சிக்காரன் லி சியாவ்பெங்கை அப்படி அனுப்ப முடியுமா, அதைச் சொல்லுங்கள் கிராணி ஐயா.