புதுப்பிப்பு: பிக்கப்பில் ஆக்ஸில் பூட் திரும்பத் திரும்பக் கிழிந்த காரணம்

என் நாலு வீல் டிரைவ் பிக்கப்பில் முன் ஆக்ஸிலின் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளிப்பக்க ரப்பர் பூட் (மூட்டையும் அதன் கிரீஸையும் மூடும் உறை) மாற்ற மாற்றக் கிழிகிறது, ரிம் உட்புறமெல்லாம் கிரீஸ் என்று முன்பு எழுதியிருந்தேன். மலிவு ரப்பர் என்றுதான் பலரும் சொன்னீர்கள். விஷயம் அது இல்லை.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்காமல், தரையில் நிற்கும்போதே கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தூக்கினால் சக்கரம் தொங்கிவிடும், ஓடும்போது ஆக்ஸில் நிற்கும் கோணம் தெரியாது. முன்பு வைத்திருந்தவர் டார்ஷன் பாரை (முன்பக்கத்தில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தியிருக்கிறார். ஆக்ஸில் அதிகம் சாய்ந்ததால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. கழற்றிய பூட்டில் அந்த இடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இந்த வண்டியில் முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் கிடையாது. டூ வீல் டிரைவில் ஓட்டினாலும் முன் ஆக்ஸில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், உரசலும் நிற்காது.

உயரத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, பூட்டுக்குள் இருக்கும் ஆக்ஸில் மூட்டைக் கழுவி, மாலிப்டினம் கிரீஸ் புதிதாக வைத்து, ஸ்டீல் கிளாம்ப் போட்டாயிற்று. அப்புறம் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். உயரம் மாறினால் அதை விடவே கூடாது, டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். கிளாம்புக்குப் பதில் கேபிள் டை போட்டு ஒப்பேற்றும் வேலையும் வேண்டாம், சூடான கிரீஸ் கசிந்துவிடும்.

இப்போது பூட் காய்ந்தே இருக்கிறது. முழுதாக ஸ்டீயரிங் ஒடித்துத் திருப்பினாலும் டக் டக் சத்தம் இல்லை. இதே தொல்லை உள்ளவர்கள் பூட் வாங்கும் முன் வண்டியின் முன் உயரத்தை அளந்து பாருங்கள்.