காருக்குள்ளேயே ஸ்மார்ட் சாவியை வைத்துப் பூட்டுவது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். அருவியில் நிற்கும்போது கார் சாவியை என்ன செய்வது? பழைய இரும்புச் சாவி என்றால் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு ஐந்தருவியில் நின்றுவிடலாம். இப்போதுள்ள ஸ்மார்ட் சாவி, துளையில் நுழைக்காமல் நம்மிடம் இருந்தாலே வண்டியைத் திறக்கவும் பட்டனால் கிளப்பவும் விடுவது; அதற்குள் மின்னணுப் பலகை இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் புதுச் சாவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். துணியோடு கரையில் வைக்க மனம் வரவில்லை. வண்டிக்குள் வைத்துப் பூட்டலாம் என்றால், சாவி உள்ளே இருப்பதைக் கண்டுகொண்டு வண்டி பூட்ட மறுத்துக் கத்துகிறது. மாற்றுச் சாவியைக் காருக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? எப்படி, எங்கே வைக்கிறீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து:

என் தங்கை வீட்டுக்காரர் மாற்றுச் சாவியை முன்பக்கப் பெட்டியில் போட்டுவிட்டு, வெளியூர் வேலை என்று ஒரு மாதத்துக்கும் மேல் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் சாவியின் பேட்டரி தீர்ந்திருந்தது, வண்டியின் பேட்டரியும் இறங்கியிருந்தது. அதைவிட முக்கியமாக ஒன்று. அவர் கிளம்பியபோது வண்டி ஒரு சத்தமும் எழுப்பவில்லை. கையிலிருந்த சாவியால் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. உள்ளே ஒரு சாவி இருந்தால் வண்டி சொல்லிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். டேஷ்போர்டு, முன்பக்கப் பெட்டி, தரை, கதவுப் பை ஆகிய இடங்களில் கிடக்கும் சாவியை வண்டி உணராமல் போகலாம் என்று டொயோட்டா கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து (கார் எலெக்ட்ரீஷியன்):

மதுரை நண்பர் கேட்டதற்கும் கோவை நண்பர் சொன்னதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். வாசலில் நின்று "யார் வீட்டில்?" என்று குரல் கொடுப்பதைப் போல, கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த அதிர்வெண்ணில், நம் காதுக்குக் கேட்காத ரேடியோ குரல் ஒன்று கொடுக்கிறது. அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. சாவி அதைக் கேட்டு விழித்து, நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. சாவி எந்நேரமும் வண்டிக்குள்ளேயே கிடந்தால் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்க வாய்ப்பிருக்கிறது. இரண்டு பேட்டரியும் இறங்குவது அதனால்தான்.

இதைத் தடுக்கப் பலரும் செய்வது, சாவியின் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே வைப்பது. பேட்டரி இல்லாவிட்டால் சாவி பதில் சொல்லாது, வண்டியும் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதோடு பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கவலை. சாவிக்குள் இன்னொரு சிறு சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரியே வேண்டாம். ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தால் பட்டனைச் சுற்றியுள்ள சுருளிலிருந்தே மின்சக்தி எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். பேட்டரி தீர்ந்து நடுவழியில் நிற்பவர்களுக்காக வைத்த வசதி இது. சில வண்டிகளில் பட்டனுக்குப் பதில் கப் வைக்கும் இடத்திலோ நடுப்பெட்டியிலோ அந்தச் சுருள் இருக்கும்.

என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் பேட்டரியைக் கழற்றி முன்பக்கப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியிருந்தார். கண்ணாடியை உடைத்தவன் பெட்டியைத் திறந்தான், சாவியைப் பட்டனில் வைத்து அழுத்தினான், கிளம்பிவிட்டான். வண்டி சில நாளில் கிடைத்தது. ஸ்டீரியோவும் டயர்களும் கிடைக்கவில்லை.

ஆகவே நான் சொல்லும் முறை இது. ஸ்மார்ட் சாவியின் பக்கவாட்டில் ஒரு சிறு கொக்கியைத் தள்ளினால் உள்ளிருந்து ஒரு இரும்புச் சாவி வரும். பெரும்பாலான வண்டிகளில் அது ஓட்டுநர் கதவைத் திறக்கும், பூட்டும், வண்டியைக் கிளப்பாது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அதை அரைஞாணில் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் சாவியை அலுமினியத் தாளில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, இறுக்கமாக மூடும் தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். தாள் மட்டும் போதாது. மெல்லிய தாள் 433 மெகாஹெர்ட்ஸை நன்றாகத் தடுக்கும், 125 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அவ்வளவாகத் தடுக்காது. தகர டப்பா இரண்டுக்கும் உதவும். பிறகு இரும்புச் சாவியால் கதவைப் பூட்டுங்கள். சில வண்டிகளில் சாவித் துளை கைப்பிடியின் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். வீட்டிலேயே ஒருமுறை திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. டப்பாவை உள்ளே வைத்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். "சாவி இல்லை" என்று வண்டி சொல்ல வேண்டும்.

மாற்றுச் சாவியை ஆண்டு முழுவதும் வண்டிக்குள் வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வீட்டில், நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்க வேண்டிய பொருள். குளித்துவிட்டு வரும் சில மணி நேரத்துக்கு உள்ளே வைப்பது வேறு.

ஸ்கார்பரோவிலிருந்து (கனடா):

அண்ணா சொன்னது முற்றிலும் சரி. இங்கே எங்களுக்கு வீட்டு வாசலிலேயே ஆபத்து. திருடர்களில் ஒருவன் கருவியோடு வீட்டுக் கதவோரம் நிற்பான், இன்னொருவன் காரோரம் நிற்பான். இருவருமாக வண்டியின் குரலை உள்ளே இருக்கும் சாவி வரை நீட்டிவிடுவார்கள். 2011ஆம் ஆண்டிலேயே சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இது முடியும் என்று செய்து காட்டினார்கள். எங்கள் தெருவில் விடியும் முன் ஒரு வண்டி இப்படிப் போனது. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு சாவியையும் படுக்கையறையில் தகரப் பெட்டிக்குள் வைக்கிறோம்.

இன்னொன்று. டொயோட்டா ஸ்மார்ட் சாவிகள் பலவற்றில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இருமுறை அழுத்தினால் விளக்கு 4 முறை மினுங்கும், சாவி உறங்கிவிடும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி விழிக்கும். பேட்டரியைக் கழற்றும் வேலை மிச்சம். ஃபோர்டு வண்டிகள் சிலவற்றில் கதவிலேயே எண் பலகை உண்டு. கடலில் குளிக்கப் போகும் என் நண்பன் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவான். அந்த வசதி எல்லா வண்டிக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

சென்னையிலிருந்து (காப்பீட்டு முகவர்):

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் வழக்கமாக முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும்தான். ஒன்று வண்டியோடு போய்விட்டது என்றால், வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுத்தீர்களா என்ற கேள்வி எழும். அந்த நிபந்தனை பாலிசியிலேயே இருக்கிறது. இதனால் இழப்பீட்டுக்காக நீண்ட காலம் அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். மாற்றுச் சாவி வீட்டில் இருக்க வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் ஐயா சொன்னதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. போன வாரம் ஐயா சொன்னபடியே செய்தோம். வண்டி பூட்டிக்கொண்டது, நிம்மதியாகக் குளித்தோம். திரும்பி வந்து இரும்புச் சாவியால் திறந்ததும் அலாரம் அலறியது; டப்பாவிலிருந்து சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பியதும் நின்றது. டப்பாவை டிக்கியில், ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் வைத்திருந்தேன். அது சரியான இடமா?

திருநெல்வேலியிலிருந்து:

அலாரம் சில வண்டிகளில் அப்படித்தான், பயப்பட வேண்டாம். திருடன் முதலில் கை வைப்பது முன்பக்கப் பெட்டி, நடுப்பெட்டி, சீட்டுக்கு அடி. அவற்றைவிட ஸ்டெப்னி பள்ளம் நல்லது. வெயிலும் நேராகப் படாது. பட்டன் பேட்டரிகள் பெரும்பாலும் 60 டிகிரி வரைதான் தாங்கும். டேஷ்போர்டு நம் ஊர் வெயிலில் அதைத் தாண்டிவிடும். சீட்டுச் சட்டத்தில் கட்டிவைக்க நினைப்பவர்கள் அங்கே மஞ்சள் உறை போட்ட ஒயர்களின் பக்கம் போகாதீர்கள், அவை ஏர்பேக்குக்கானவை.

டிக்கியில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கி மின்சாரத்தால் மட்டும் திறக்கும் வகை என்றால், வண்டிப் பேட்டரி இறங்கிய நாளில் அது திறக்காது, சாவியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பின்சீட்டை மடித்து உள்ளிருந்து எட்ட முடியுமா என்று கிளம்பும் முன் ஒருமுறை கை நீட்டிப் பாருங்கள்.