‘டேபிள்’ என்றால் எடுத்துப் பேசுவதா, ஒதுக்கி வைப்பதா?

கேள்வி: ஏற்றுமதிப்பிரிவு_கோவை

அனைவருக்கும் வணக்கம். பம்ப் செட் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் என்றாலும் ஆங்கில மின்னஞ்சல்களை ஓரளவு பிழையின்றி எழுதிவிடுவேன். என்னைத் தடுமாற வைப்பவை மரபுத்தொடர்களும், ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் போன்ற சிறு சொற்கள் ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப்களும்தான்.

சென்ற வாரம் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர், கூட்டத்துக்கு முந்தைய நாள், ‘லெட்ஸ் டேபிள் த பிரைசிங் ஃபார் நவ்’ என்று எழுதியிருந்தார். நாடாளுமன்றத்தில் மசோதாவை டேபிள் செய்தார்கள் என்று ஆங்கில நாளிதழில் படித்த பழக்கத்தில், விலையைத்தான் முதலில் பேசப்போகிறோம் என்று எடுத்துக்கொண்டு, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து பதினாறு மாடல்களுக்கு விலைப்பட்டியல் தயாரித்தேன். கூட்டத்தில் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. அகராதியைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பொருளும் இருக்கின்றன.

இணையத்தில் கிடைத்த ஒரு நீண்ட பட்டியலை அச்சிட்டு மனப்பாடமும் செய்துபார்த்தேன். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, புட் அவுட் என்றால் அணைப்பது, புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது என்று போகிறது. நான்காம் நாள் எல்லாம் கலந்து ஒன்றும் மிஞ்சவில்லை. இவற்றுக்கு விதி ஏதேனும் உண்டா?

பதில் 1: தேம்ஸ்கரைத்தமிழன்

உங்கள் மீது தவறில்லை. பிரிட்டனில் டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது; அமெரிக்காவில் இப்போதைக்கு ஒதுக்கி வைப்பது. நம் நாடாளுமன்ற வழக்கு பிரிட்டனிலிருந்து வந்ததால்தான் நாளிதழில் அந்தப் பொருளில் படித்திருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைமையினர் கூடிய கூட்டமொன்றில் இதே சொல்லால் நீண்ட, கசப்பான வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஓர் அறிக்கையை உடனே பேச வேண்டும் என்ற எண்ணத்தில் பிரிட்டிஷார் டேபிள் செய்யச் சொல்ல, அதைக் கிடப்பில் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து அமெரிக்கர்கள் மறுக்க, இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்ததாம். உங்கள் வாடிக்கையாளரின் வரியில் ‘ஃபார் நவ்’ என்ற சொற்கள்தான் துப்பு. ‘இப்போதைக்கு’ என்று சேர்த்துச் சொன்னாலே ஒதுக்கி வைக்கிறார் என்று கொள்ளலாம்.

நம் ஊர் வழக்கு காலை வாரிவிட்ட கதை எனக்கும் உண்டு. இங்கே ஒரு நேர்முகத் தேர்வில், 2012-இல் பாஸ் அவுட் ஆனேன் என்றேன். கேட்டவருக்கு அது மயங்கி விழுந்தேன் என்றுதான் பட்டது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பதைப் போன்ற ‘பாசிங் அவுட்’ அணிவகுப்புகளில் பயிற்சி முடித்தல் என்ற பொருள் இன்றும் இருக்கிறது. ஆனால் கல்லூரிப் படிப்புக்கு அதை இங்கே யாரும் சொல்வதில்லை. கூட்டத்தை முன்னுக்குக் கொண்டுவர நாம் எழுதும் ‘பிரிபோன்’ என்ற சொல்லும் வெளிநாட்டவர் பலருக்குப் புரியாது. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றோ ‘மூவ் அப்’ என்றோ எழுதிவிட்டு, புதிய நேரத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற_ஆசிரியை

தம்பி, பட்டியலை முதலில் குப்பையில் போடுங்கள். இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ‘உப்புப் போதுமா, சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். அந்தப் பார்த்தலில் கண்ணுக்கு வேலை இல்லை. ‘தின்’ என்பதற்கும் ‘தின்றுவிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குழந்தையும் விளக்கம் கேட்காமல் அறிந்திருக்கிறது. ‘விட்டுக்கொடு’ என்பதை ஒரு வெள்ளைக்காரர் விடுவது, கொடுப்பது என்று பிரித்துப் பார்த்தால் நீங்கள் விழிப்பதைப் போலத்தான் அவரும் விழிப்பார். நாம் துணைவினையைக் கொண்டு செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலம் இந்தச் சிறு சொற்களைக் கொண்டு செய்கிறது. கிவ் அப் என்பது விட்டுவிடுவது, கிவ் இன் என்பது விட்டுக்கொடுப்பது, டிரை அவுட் என்பது செய்துபார்ப்பது.

ஆகவே வினையை விட்டுவிட்டு அந்தச் சிறு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈட் அப், யூஸ் அப், டிரிங்க் அப் ஆகிய மூன்றிலும் வரும் ‘அப்’ மேலே என்ற திசையைக் காட்டுவதில்லை. மிச்சமில்லாமல் தீர்ப்பதைக் காட்டுகிறது, ஏறத்தாழ நம் ‘விடு’வைப் போல. கட் ஆஃப், டேக் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப் ஆகியவற்றில் ‘ஆஃப்’ ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து விலக்குகிறது. எல்லாமே இப்படி அடங்காது. புட் அப் வித் எந்தக் கணக்கிலும் வராது, அதை அப்படியே விழுங்க வேண்டியதுதான். குறிப்பேட்டில் எழுதும்போது மட்டும் ‘கால் ஆஃப்: ரத்து செய்’ என்று எழுதாமல், எதை ரத்து செய்தார்கள் என்பதையும் சேர்த்து, ‘கால் ஆஃப் த ஸ்டிரைக்’ என்று எழுதி வையுங்கள்.

பதில் 3: சொல்வேட்டை

மரபுத்தொடர்களைப் பற்றி யாரும் பேசாததால் நான் தொடர்கிறேன். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற தொடருக்கு, கூரை வேய்ந்த வீடுகளின் மேல் படுத்திருந்த விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்தன என்றொரு விளக்கம் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட ஒரு நையாண்டி நூலில் இத்தொடர் இதே வடிவில் இருக்கிறது என்பதுதான் உறுதி. நாம் பேய்மழை என்கிறோம். பேய் எங்கிருந்து விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு தொடரின் அர்த்தத்தைவிட, அதை எந்த இடத்தில் சொல்லலாம் என்று பார்ப்பது முக்கியம். கிக் த பக்கெட் என்பதற்கு இறந்துபோவது என்று அகராதி சொல்லும். ஆனால் பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே இடம்பெற்ற தொடர் அது. இரங்கல் கடிதத்தில் எழுதினால் ‘உங்கள் தந்தை மண்டையைப் போட்டார்’ என்று எழுதியதற்குச் சமம். நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவது என்பதை, கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டால் பிறகு மறக்கவே மறக்காது.

ஏற்றுமதிப்பிரிவு_கோவை

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா, இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இயக்கக் கையேட்டில் பம்பைப் பற்றி எழுதிய பிறகு ‘டர்ன் ஆஃப் இட்’ என்று எழுதியிருந்தேன். திருத்துநர் அதை ‘டர்ன் இட் ஆஃப்’ என்று மாற்றிவிட்டார். ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதை மட்டும் ஏன் அப்படியே விட்டார்?

ஓய்வுபெற்ற_ஆசிரியை

திருத்துநர் செய்தது சரி. டர்ன் ஆஃப் பிரியக்கூடிய வகை. அதனால் ‘டர்ன் ஆஃப் த பம்ப்’, ‘டர்ன் த பம்ப் ஆஃப்’ இரண்டும் சரியே. பெயருக்குப் பதில் இட், தெம் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் மட்டும் அது நடுவில்தான் உட்கார வேண்டும். லுக் ஆஃப்டர், லுக் இன்டு போன்றவை பிரியாத வகை. எது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் ‘டர்ன் சம்திங் ஆஃப்’ என்று நடுவில் இடம் விட்டோ, ‘லுக் ஆஃப்டர் சம்திங்’ என்று கடைசியில் வைத்தோ அச்சிட்டிருப்பார்கள். கையேட்டில் ‘புட் அவுட்’ என்று எங்கேனும் எழுதியிருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது நெருப்பை அணைப்பதற்கு, மோட்டாரை நிறுத்துவதற்கு அல்ல.